படி ஏறினேன்... படுத்துவிட்டேன்!



இந்தத் தடவை சமையல் குறிப்பு இல்லை. நான் பட்ட பாட்டைத்தான் எழுதப் போகிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், ஆனால் கடைசிவரை படித்துவிட்டுச் சிரியுங்கள்!

மூத்தவள் கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கை ஒன்றில்கூட இப்போது எனக்குக் கை நுழையவில்லை. எடை 74 கிலோ. உயரமோ ஐந்தடி ஓர் அங்குலம். அம்மாவுக்குச் சர்க்கரை, பெரியம்மாவுக்கும் சர்க்கரை. "அடுத்தது நீதான்டி" என்று அக்கா வேறு போனில் பயமுறுத்திக்கொண்டே இருந்தாள்.

சரி, நடக்கலாம் என்றால் எங்கள் பொழிச்சலூரில் காலை நேரம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். தலைக்கு மேலே விமானம், தெருவிலே தண்ணீர் லாரியும் பள்ளிக்கூட வேனும். சனிக்கிழமை என்றால் அகத்தீஸ்வரர் கோயிலுக்குச் சனி பகவானைக் கும்பிட வருகிற கூட்டம். 2023 நவம்பரில் அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் தொடங்கி, பெசன்ட் நகரில் ஜனங்கள் எட்டுக் கிலோமீட்டர் நடந்ததை டி.வி.யில் பார்த்ததிலிருந்தே எனக்கும் ஓர் ஆசை. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் என்ன? பக்கத்திலேயே திருநீர்மலை இருக்கிறதே! பெருமாளைச் சேவித்த மாதிரியும் ஆச்சு, உடம்பு இளைத்த மாதிரியும் ஆச்சு என்று கணக்குப் போட்டேன்.

முதல் நாளே மலைப்படியை மூன்று தடவை ஏறி இறங்கினேன். அன்று சாயங்காலம் ஒன்றுமே தெரியவில்லை. ஒரே பெருமை! மறுநாள் காலையில் தொடை லேசாக இழுத்தது. மூன்றாம் நாள்... ஐயோ, அரிவாள்மணை எடுத்துத் தரையில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. மாடிப்படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினேன். "வலிச்சாத்தான் கொழுப்பு கரையும், விட்டுடாதீங்க" என்றார் அடுத்த வீட்டு அம்மா. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் போனேன். காலையில் வெறும் காபி, ராத்திரி ஒரு டம்ளர் மோர், அவ்வளவுதான் ஆகாரம்.

ஐந்தாம் நாள் எடை பார்த்தால் அரைக் கிலோ கூடியிருந்தது! அழுகையே வந்துவிட்டது.

ஒன்பதாம் நாள்தான் அது நடந்தது. பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினேன். திடீரென்று கண் இருட்டி, முழங்கால் மடங்கிவிட்டது. கைப்பிடிச் சுவர் இல்லாவிட்டால் குழந்தையோடு உருண்டிருப்பேன். ஏழு மாதக் குழந்தை! இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. என் மகள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு, "அம்மா, கிளம்பு, டாக்டரைப் பார்க்கலாம்" என்றாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த பெண் டாக்டர் முதலில் காலைப் பார்க்கவில்லை. மூன்று கேள்வி கேட்டார். "என்ன சாப்பிடுறீங்க? எத்தனை மணி நேரம் தூங்குறீங்க? மாதவிலக்கு எப்படி இருக்கு?" ஒரு வருஷமாகவே எனக்கு அதிகப் போக்கு. நாற்பதைத் தாண்டினால் அப்படித்தான் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். இரத்தம் பரிசோதித்தால் ஹீமோகுளோபின் 9.2. நம்மைப் போன்ற பெண்களுக்கு 12க்குக் குறையக் கூடாதாம். "இரத்தம் இல்லாத உடம்பை மலை ஏற வெச்சிருக்கீங்களே!" என்றார்.

"நான் குண்டாத்தானே இருக்கேன் டாக்டர், எனக்கு எப்படி இரத்தம் குறையும்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. நூற்றுக்கு 40 பேருக்கு எடை அதிகம். இரண்டும் ஒரே உடம்பில் இருக்கலாம். சதை வேறு, சத்து வேறு என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அன்று நான் தெரிந்துகொண்டதையெல்லாம் சொல்கிறேன்.

பழக்கமில்லாத வேலையைச் செய்தால் தசைநாரில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சேதம் உண்டாகிறது. உடம்பு அதைச் சரிசெய்யும்போதுதான் வலி. அதனால்தான் அன்றைக்குத் தெரியாமல், ஒன்று முதல் மூன்று நாளுக்குள் அதிகமாகத் தெரிகிறது. ஒரு வாரத்துக்குள் தானாகவே போய்விடும். ஏறுவதைவிட இறங்குவதுதான் தொடைக்கு அதிகச் சேதமாம்! தசையில் லாக்டிக் அமிலம் தங்குவதால் வலிக்கிறது என்று சொல்வார்கள். அது ஓரிரு மணி நேரத்திலேயே வடிந்துவிடும், மறுநாள் வலிக்கு அது காரணமில்லை. புண்பட்ட தசை நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் எடை அரைக் கிலோ ஏறியது. அது கொழுப்பு இல்லை. நான் அழுதது வீண்!

வலிக்கிறதே என்று ஒரேயடியாகப் படுக்கவும் வேண்டாம். வீட்டுக்குள்ளேயே மெதுவாக நடக்கலாம், வெந்நீரில் குளிக்கலாம், ஒத்தடம் கொடுக்கலாம். ஆனால் அதே கடின வேலையை அந்த வலி போகும்வரை திரும்பச் செய்யக் கூடாது. ஓய்வு நாளில்தான் தசை பலப்படுகிறது. அடுத்த தடவை அதே வேலைக்கு இவ்வளவு வலி வராது.

உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்ன அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷ மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாள் தசைக்குப் பலம் தரும் பயிற்சி. தினம் அரைமணி வீதம் ஐந்து நாள் நடந்தாலே 150 நிமிஷம் ஆகிவிடும். அதையும் பத்து நிமிஷத்தில் தொடங்கி, வாரா வாரம் கூட்டினால் போதும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இதுதான் சரியான வேகம்.

பட்டினி வேண்டவே வேண்டாம். சேதமான தசையைக் கட்டப் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு டம்ளர் பாலிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. சோற்றைக் குறைத்து, பருப்பு, சுண்டல், கொள்ளு, மீன் என்று கூட்டிக்கொள்ளுங்கள். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்டவுடன் காபி, டீ குடித்தால் அதைத் தடுத்துவிடும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

கைக்குழந்தைக்காரிகளே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பால் கொடுக்கும்போது சாப்பாட்டைக் குறைத்து இளைக்கப் பார்க்காதீர்கள். சிசேரியன் ஆனவர்கள் டாக்டர் சரி என்று சொன்ன பிறகே வயிற்றுக்கான பயிற்சி செய்யுங்கள். ராத்திரி தூக்கம் கெட்ட மறுநாள் பயிற்சியை விட்டுவிட்டுப் பகலில் குழந்தையோடு சேர்ந்து தூங்குங்கள். அதில் குற்றமே இல்லை.

எந்த வலியைப் பொறுக்கக் கூடாது? இரண்டு தொடையிலும் ஒன்றுபோல இருக்கும் மந்தமான வலி பயப்பட வேண்டியதில்லை. மூட்டில் ஒரே இடத்தில் குத்துகிற வலி, வீக்கம், ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்கிற வலி இவற்றைக் காட்ட வேண்டும். ஒரு கால் மட்டும் கெண்டையில் வீங்கிச் சூடாக இருந்தாலும், சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் போனாலும், நெஞ்சு அடைத்தாலும், மயக்கம் வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. 'நாளைக்குப் பார்க்கலாம்' கூடாது.

எனக்கு இரும்புச் சத்து மாத்திரையும் அதிகப் போக்குக்குத் தனி வைத்தியமும் நடந்தது. ஒரு மாதம் வீட்டு மொட்டைமாடியில் பத்துப் பத்து நிமிஷம்தான் நடை. ஐந்து மாதம் கழித்து ஹீமோகுளோபின் 11.8. எடை 74லிருந்து 70. மெதுவாகத்தான் குறைகிறது, ஆனால் கண் இருட்டவில்லை.

போன மாதம் மகளோடு திருநீர்மலைக்குப் போனேன். ஒரே ஒரு தடவை ஏறி, நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து, மெதுவாக இறங்கினோம். மறுநாள் நண்டு நடை இல்லை! அன்று சாயங்காலம் என் மகள் தானாகவே பேரனை என் இடுப்பில் கொடுத்து, "மாடிக்குத் தூக்கிட்டுப் போம்மா" என்றாள். அந்த நம்பிக்கை திரும்ப வந்ததே, நாலு கிலோ குறைந்ததைவிட எனக்கு அதுதான் பெரிசு.

வீட்டில் எல்லாருக்கும் உடம்பு எப்படி என்று கேட்கிற நாம், நம்மிடமும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளலாமே, சகோதரிகளே!