இரண்டு அம்மா, ஒரு கையெழுத்து

மணமாகாத ஒரு பெண் சட்டப்படி குழந்தையைத் தத்தெடுக்க விண்ணப்பித்தால், இணைக்க வேண்டிய ஆவணங்களில் உறவினர் ஒருவரின் உறுதிமொழியும் உண்டு. 'இவருக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று யாராவது எழுதித் தர வேண்டும். கேட்க வேண்டிய கேள்விதான். ஒற்றை ஆளை நம்பி ஒரு பிள்ளையை அனுப்பும்போது அரசு இதைக்கூடக் கேட்காவிட்டால் எப்படி?

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். விண்ணப்பித்த பெண்ணோடு இன்னொரு பெண் பத்து ஆண்டுகளாக வாழ்ந்துவருகிறார். வாடகையில் பாதி, மளிகையில் பாதி அவருடையது. குழந்தைக்கென்று அறைக்கு வண்ணம் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். வீட்டைப் பார்த்து அறிக்கை எழுத சமூகப் பணியாளர் வருகிறார். சம்பளச் சான்று, மருத்துவச் சான்று, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்றெல்லாம் விசாரணை நடக்கிறது. "இவங்க?" என்று அவர் கேட்டால், "என் ஃபிரண்டு, கூடத் தங்கியிருக்காங்க" என்பதோடு பேச்சு முடிந்தாக வேண்டும். சேர்ந்து வாழும் துணை இருக்கிறார் என்று உண்மையைச் சொன்னால், மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையம் (காரா) 2022 ஜூனில் அனுப்பிய சுற்றறிக்கையின்படி விண்ணப்பமே நின்றுபோகும். ஆகவே, அடுத்த அறையில் இருப்பவரை விட்டுவிட்டு, இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனின் காலில் விழுந்தாவது அந்த உறுதிமொழியை வாங்க வேண்டும்.

தன்பாலினத்தவர் திருமணம் பற்றி நம் நாட்டில் நடக்கும் வாதங்களில் குழந்தை எப்போதும் கடைசி அஸ்திரமாகவே வருகிறது. "நீங்கள் இருவரும் எப்படியோ வாழ்ந்துகொள்ளுங்கள், பிள்ளைகளை விட்டுவிடுங்கள்" என்பது தாராள மனம் படைத்தவர்கள்கூடச் சொல்லும் வாசகம். ஆனால், இன்றைய சட்டம் பிள்ளைகளை விட்டுவைக்கவில்லை. தனியாக வாழும் பெண் ஆணோ பெண்ணோ எந்தக் குழந்தையையும் தத்தெடுக்கலாம். தனியாக வாழும் ஆண், ஆண் குழந்தையைத் தத்தெடுக்கலாம். (1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டமோ, 21 வயது இடைவெளி இருந்தால் அதே ஆணுக்குப் பெண் குழந்தையையும் தருகிறது. நம் சட்டங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை.) 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி, மணமாகாத பெண்ணும் தானமாகப் பெற்ற விந்தணு மூலம் தாயாகலாம். இந்த இடங்களில் எல்லாம் 'உங்கள் ஈர்ப்பு யார்மீது?' என்று சட்டம் கேட்பதில்லை. தன்பாலின ஈர்ப்புள்ளவர் பிள்ளை வளர்க்கத் தகுதியற்றவர் என்று எந்தப் பிரிவிலும் இல்லை. காராவின் சுற்றறிக்கையை விட்டால், தடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறை விதி 5(3), இணையாகத் தத்தெடுக்க வருகிறவர்களுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு நிலையான மணவாழ்க்கை வேண்டும் என்கிறது. திருமணமே மறுக்கப்பட்டவர்களிடம் இரண்டு ஆண்டு மணவாழ்க்கைக்கு எங்கே போவது?

விளைவு என்னவென்றால், தன்பாலினத் தம்பதியின் வீட்டுக்குள் குழந்தை வருவதைச் சட்டம் தடுப்பதில்லை. வந்த குழந்தைக்கு இரண்டாவது பெற்றோர் கிடைப்பதைத்தான் தடுக்கிறது. இந்த விவாதத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

2023 அக்டோபர் 17 அன்று, தன்பாலினத்தவர் திருமணத்துக்கு அங்கீகாரம் கோரிய சுப்ரியோ வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. திருமணம் அடிப்படை உரிமையல்ல, 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குள் தன்பாலினத்தவரைச் சேர்த்து வாசிக்க முடியாது என்பதில் ஐவரும் ஒன்றுபட்டார்கள். மறுநாள் தலைப்புச் செய்தி அதுதான். குழந்தை விஷயத்தில் அவர்கள் மூன்றுக்கு இரண்டு என்று பிளவுபட்டது உள்பக்கத்துக்குப் போய்விட்டது. விதி 5(3) அரசமைப்புக்கு முரணானது, ஆணும் பெண்ணும் சேர்ந்தால் மட்டுமே நல்ல பெற்றோர் ஆக முடியும் என்பதற்கு ஆதாரம் ஏதும் முன்வைக்கப்படவில்லை என்றார் அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட். நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் அவரோடு உடன்பட்டார். நீதிபதி ரவீந்திர பட்டும், அவரோடு ஹிமா கோலி, பி.எஸ். நரசிம்மா ஆகியோரும் உடன்படவில்லை.

ரவீந்திர பட்டின் வாதத்தைப் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. மணமாகாத இணையர் நல்ல பெற்றோராக இருக்க முடியாது என்று அவர் சொல்லவில்லை. அவர் பயந்தது பிரிவைப் பற்றி. ஜீவனாம்சம், பராமரிப்பு, பாதுகாவல் என நம் சட்டங்கள் அனைத்தும் திருமணத்தோடு முடிச்சுப் போடப்பட்டவை. மணமாகாத இருவருக்குக் கூட்டாகப் பிள்ளையைக் கொடுத்து, நாளை அவர்கள் பிரிந்தால், ஒருவரிடமிருந்து பிள்ளைக்குச் சேர வேண்டியதை வாங்கித்தர எந்தச் சட்டம் வரும் என்பதே அவர் கேள்வி.

சரி, இன்று என்ன நிலைமை? இருவரில் ஒருவர் மட்டும் பெற்றோர். அவர்கள் பிரிந்தால் மற்றவர் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை. பிள்ளையைப் பார்க்கும் உரிமையும் அவருக்கு இல்லை. சட்டப்படியான தாய் இறந்துவிட்டால் பிள்ளை, பேசாமல் இருந்த அந்த அண்ணன் வீட்டுக்குப் போகலாம். உயில் எழுதிவைக்கலாம்தான். ஆனால் உயில் இறந்த பிறகுதான் பேசும். நள்ளிரவில் பிள்ளைக்குக் குடல்வால் அறுவைச் சிகிச்சை என்று மருத்துவமனை ஒப்புதல் படிவத்தை நீட்டும்போது உயில் உதவாது. நீதிபதி அஞ்சிய அந்தரம், அவருடைய தீர்ப்புக்குப் பிறகும் அப்படியே இருக்கிறது, கூடுதல் ஆழத்தோடு. இரண்டாவது நபருக்கு உரிமை தராத சட்டம், அவரைப் பொறுப்பிலிருந்தும் விடுவித்துவிட்டது.

இதே முடிச்சைத் தென்னாப்பிரிக்கா நமக்கு முன்பே அவிழ்த்தது. அங்கே அன்னா-மாரி டி வோஸ் என்ற உயர் நீதிமன்ற நீதிபதியும் சூசான் டு டாய்ட்டும் இணையராக வாழ்ந்தார்கள். அக்கா-தம்பியான இரு பிள்ளைகளை வளர்த்தார்கள். மணமானவர்களுக்கே கூட்டுத் தத்து, மற்றபடி தனியாள்தான் என்றது அன்றைய சட்டம், அச்சு அசலாக நம்முடையதைப் போலவே. தத்து டி வோஸ் பெயரில் அமைந்தது. பிள்ளைகளோடு அதிக நேரம் இருந்ததோ டு டாய்ட். நீதிபதியின் வீட்டிலேயே சட்டத்தின் கண்ணுக்கு ஒருவர் தாய், ஒருவர் யாரோ. 2002 செப்டம்பரில் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம், இந்த ஏற்பாடு பிள்ளைகளின் நலனுக்கே எதிரானது என்று சொல்லிக் கூட்டுத் தத்துக்கு வழிவிட்டது. அப்போது தென்னாப்பிரிக்காவில் தன்பாலினத்தவர் திருமணம் சட்டமாகவில்லை. அது 2006-ல்தான் வந்தது.

ஜெர்மனியிலும் துணைவரின் பிள்ளையைத் தத்தெடுக்கும் உரிமை 2005-ல் வந்தது, திருமணம் 2017-ல். ஆக, 'முதலில் கல்யாணம், பிறகுதான் குழந்தை' என்ற நம் வீட்டு வரிசையைச் சட்டமும் பின்பற்ற வேண்டும் என்று கட்டாயம் ஏதுமில்லை.

"அப்பாவும் அம்மாவும் இருக்கும் வீடு போல ஆகுமா?" என்ற கேள்விக்கு வருவோம். உச்ச நீதிமன்றத்தில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் இதைக் கேட்டுத்தான் எதிர்த்தது. டெல்லியின் குழந்தைகள் உரிமை ஆணையமோ மனுதாரர்களை ஆதரித்தது. அமெரிக்காவில் இந்தக் கேள்வி சாட்சிக்கூண்டு வரைக்கும் போனது. மிச்சிகன் மாநிலத்தில் செவிலியர்களான இரு பெண்கள், தனித்தனியே தத்தெடுத்த பிள்ளைகளுக்கு இருவருமே பெற்றோராக வேண்டும் என்று வழக்குத் தொடுத்தார்கள். தன்பாலினத்தவரின் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்று 2012-ல் வெளியான சமூகவியலர் மார்க் ரெக்னரஸின் ஆய்வை மாநில அரசு நம்பியிருந்தது. அந்த ஆய்வில் சிக்கல் இருந்தது. தாய்க்கோ தந்தைக்கோ எப்போதாவது தன்பாலின உறவு இருந்திருந்தால் போதும், அந்தப் பிள்ளை ஒரு பட்டியலில் சேர்ந்துவிடும். அவர்களில் பெரும்பாலோர் பெற்றோரின் மணமுறிவைப் பார்த்தவர்கள். கடைசிவரை உடையாத குடும்பங்களின் பிள்ளைகளோடு அவர்களை ஒப்பிட்டால் கணக்கு எப்படி வரும்? 2014 மார்ச்சில் நீதிபதி பெர்னார்ட் ஃபிரீட்மேன் அந்தச் சாட்சியத்தை நம்பத்தக்கதே அல்ல என்று ஒதுக்கினார். ரொனால்டு ரீகன் நியமித்த நீதிபதி அவர். அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், பெற்றோரின் பாலின ஈர்ப்பு பிள்ளையின் நலத்தைத் தீர்மானிப்பதில்லை என்று கூறி, திருமணத்தையும் தத்தையும் ஆதரித்திருந்தது.

இது பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை மேலைநாட்டு வீடுகளைப் பற்றியவை. நம் தெருவுக்கு அவை பொருந்துமா என்று கேட்பது நியாயம். இங்கே பிள்ளையைப் பள்ளியில் கேலி செய்வார்கள் என்பதும் பொய்யில்லை. கைம்பெண்ணின் பிள்ளையை, மணவிலக்கு பெற்றவரின் பிள்ளையை, சாதி மறுத்து மணந்தவரின் பிள்ளையை இதே பள்ளிக்கூடம் கேலி செய்துதான் இருக்கிறது. அதற்காக அந்தப் பெற்றோரின் உரிமையைப் பறிக்கலாம் என்று யாரும் தீர்ப்பெழுதவில்லை.

இந்த உரிமையை ஆதரிப்பவர்கள் உற்சாகமாக வைக்கும் ஒரு வாதமும் எனக்கு ஏற்புடையதல்ல. "ஆதரவற்ற குழந்தைகளுக்கெல்லாம் வீடு கிடைக்கும்" என்கிறார்கள். 2024-25-ல் காரா மூலம் தத்துப்போன குழந்தைகள் 4,515. பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் பெற்றோரோ 30,000-க்கும் அதிகம். கைக்குழந்தைக்கு வரிசை ஏற்கெனவே நீளம். வளர்ந்த பிள்ளைகள், சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைகள் விஷயத்தில் அந்த வாதத்துக்கு உயிர் உண்டு, அவ்வளவே. ஏற்கெனவே ஒரு வீட்டில் வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையின் பாதுகாப்புதான் அதைவிட வலுவான காரணம்.

பெற்றோரின் மணத்தைச் சட்டம் ஏற்காவிட்டால் என்ன ஆகும் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1950-களில் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றபோது, புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்ட எத்தனையோ பேரின் சொத்துரிமையும் பிள்ளைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குள்ளாயின. 1967-ல் அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தது. இனி நடக்கும் திருமணங்களோடு நிற்காமல், அதற்கு முன் நடந்தவற்றையும் செல்லுபடியாக்கியதுதான் அந்தத் திருத்தத்தின் பெருமை. பிறந்துவிட்ட பிள்ளைகளை அது மறக்கவில்லை.

சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பாதையில் கொஞ்சம் நடந்தும் இருக்கிறது. ஆணும் திருநங்கையும் செய்துகொண்ட மணத்தை 2019-ல் இந்துத் திருமணச் சட்டப்படி ஏற்றது. சட்ட எழுத்தின்படி அத்தம்பதி இரண்டு ஆண்டு கழித்துத் தத்துக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டு பெண்கள் இருபது ஆண்டு வாழ்ந்தாலும் முடியாது. 2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இணையர் தமக்குள் குடும்ப உறவு ஒப்பந்தம் பதிவு செய்துகொள்ள வழிவகுக்குமாறு தமிழ்நாடு அரசுக்கு யோசனை சொன்னார். 2025 மே மாதம் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு, திருமணம் மட்டுமே குடும்பத்துக்கு வழியல்ல, தன்பாலினத்தவரும் குடும்பமாக வாழலாம் என்றது. குடும்பம் என்று ஒப்புக்கொண்ட பிறகு, அக்குடும்பத்தின் பிள்ளையைப் பற்றிப் பேசாமல் எத்தனை நாள் இருக்க முடியும்?

இதற்குப் பெரிய புரட்சி தேவையில்லை. இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 57-ஆவது பிரிவில், தத்தெடுத்தவரோடு ஒரே வீட்டில் இரண்டு ஆண்டு வாழ்ந்து பிள்ளையை வளர்க்கும் இன்னொருவரும், விசாரணைக்குப் பின், இரண்டாவது பெற்றோராகலாம் என்று ஒரு திருத்தம் போதும். பிரிந்தால் பராமரிப்புத் தொகை தரவும் அவர் கடமைப்பட்டவர் என்று அதிலேயே எழுதிவிட்டால் ரவீந்திர பட்டின் அச்சத்துக்கும் பதில் கிடைத்துவிடும். துணைவர், துணைவியரின் பிள்ளையைத் தத்தெடுக்கும் முறை மணமானவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. தைவான்கூட 2019-ல் துணைவர் பெற்ற பிள்ளையிலிருந்துதான் தொடங்கியது. முழுத் தத்துரிமை 2023-ல் வந்தது.

சுப்ரியோ தீர்ப்பின்படி 2024 ஏப்ரலில் இணையரின் உரிமைகளை ஆராய அமைச்சரவைச் செயலர் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அந்த ஆண்டே ரேஷன் அட்டை, கூட்டு வங்கிக் கணக்கு, சிறையில் சந்திப்பு, மருத்துவமனையில் உடலைப் பெறுதல் பற்றியெல்லாம் விளக்கங்கள் வந்தன. இறந்தவரின் உடலைக் கேட்டு வாங்க வழி சொன்ன அரசு, உயிரோடு இருக்கும் பிள்ளையைப் பற்றி அந்தப் பட்டியலில் எதுவும் சொல்லவில்லை. சீராய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகிவிட்டதால் நீதிமன்றத்தின் கதவு இப்போதைக்கு மூடியிருக்கிறது. 7-ஏ பிரிவைப் பற்றி மேடைதோறும் பெருமை பேசும் தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களில் யாராவது ஒருவர், 57-ஆவது பிரிவுக்கான இந்தத் திருத்தத்தைத் தனிநபர் மசோதாவாக அவையில் வைக்க வேண்டும்.