ஆலைச் சங்கும் சப்பாணிப் பாட்டும்

குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பகுத்து நோக்கி, ஒவ்வொரு பருவத்திற்கும் உரிய அசைவையும் ஓசையையும் பாடுபொருளாக்கிய இலக்கிய வகை நம் பிள்ளைத்தமிழ். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுவது செங்கீரை. நாவசைத்துப் பாடும் தாலாட்டைக் கேட்டுக் கண்வளர்வது தால். கைகளைச் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. தளர்நடையிட்டு அருகே வருவது வருகை. ஆண்பிள்ளை சிறுபறை முழக்கிச் சிறுதேர் உருட்டும். பெண்பிள்ளை அம்மானை ஆடி ஊசலில் அமரும். செங்கீரைக்கு ஐந்தாம் திங்கள், சப்பாணிக்கு ஒன்பதாம் திங்கள் எனக் காலமும் வகுத்தனர் நம் முன்னோர். சமய எல்லைகளைக் கடந்து வளர்ந்தது இம்மரபு. செய்யிது அனபிய்யா புலவர் நபிநாயகம் பிள்ளைத்தமிழ் பாடியதை இசுலாமியத் தமிழ் பயில்வோர் நன்கறிவர்.

இத்தகைய மரபுக்கு உரிமையுடைய நாம், இன்று நம் பிள்ளைகளுக்குச் செங்கீரை ஆட இடமும் சப்பாணி கொட்ட நேரமும் தருகிறோமா? இவ்வினாவைத் திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வட்டாரத்தை முன்வைத்துச் சிந்திப்பது பொருத்தமாகும்.

தொழில் வளர்ந்த மண்

ஏரிகளும் நெல்வயல்களும் சூழ்ந்திருந்த வட்டாரம் அது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து மகிழுந்துகள் வெளிவரத் தொடங்கின. 2006-இல் நோக்கியா கைப்பேசி ஆலை வந்தது. 2014-இல் அதன் உற்பத்தி நின்றது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ – நிசான் ஆலை திறக்கப்பட்டது. தென்மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா, அசாம் போன்ற மாநிலங்களிலிருந்தும் மக்கள் பிழைப்புத் தேடி வந்தனர். வயல்கள் இருந்த இடங்களில் வாடகை வீடுகள் வரிசை வரிசையாய் எழுந்தன.

ஓர் அறையே வீடாக வாழும் தொழிலாளர் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். இரவு ஷிப்டு முடித்த தந்தை பகலில் உறங்க வேண்டும். அவர் துயில் கலையாதிருக்கக் குழந்தை ஓசையின்றி, அசைவின்றி இருக்க வேண்டும். தாயின் கைக்கு எளிதில் எட்டுவது கைப்பேசி. திரையில் பாட்டு ஒலிக்கிறது, பொம்மை ஆடுகிறது, குழந்தை ஆடாமல் அமர்ந்திருக்கிறது. இதற்காக அத்தாயைக் குறைகூறுவது அறமாகாது. ஆயினும் உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறைகள் கூறுவது யாது? மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும்; அவற்றுள் 60 நிமிடமேனும் ஓட்டமும் துள்ளலுமாக இருக்க வேண்டும்; அமர்ந்து திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டலாகாது. அந்த ஒற்றை அறை வாழ்வில் இக்கணக்கு தலைகீழாகிவிடுகிறது.

ஆய்வுகள் காட்டும் உண்மை

பாட்டும் அசைவும் வெறும் பொழுதுபோக்கல்ல. கனடா நாட்டில் ஏழு மாதக் குழந்தைகளிடம் நிகழ்த்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வொன்று குறிப்பிடத்தக்கது. அழுத்தம் எதுவுமற்ற ஒரே தாளத்தை ஒலிக்கச் செய்து, சில குழந்தைகளை இரண்டு தட்டுக்கு ஒருமுறையும், சில குழந்தைகளை மூன்று தட்டுக்கு ஒருமுறையும் கைகளில் ஏந்தி அசைத்தனர். பின்னர், தாம் எவ்வாறு அசைக்கப்பட்டனவோ அவ்வாறு அமைந்த தாளத்தையே குழந்தைகள் விரும்பிக் கேட்டன. காது தாளத்தை அறிவதில் உடலுக்கும் பங்குண்டு என்பது இதனால் புலனாயிற்று. தொட்டிலாட்டிப் பாடிய நம் பாட்டியர் இதனை ஏட்டில் படித்தறிந்தவரல்லர்.

நான்கு வயதுச் சிறார் ஒன்றுகூடிப் பாடி ஆடியபின் ஒருவருக்கொருவர் உதவுவதில் முந்துகின்றனர் என்பது ஜெர்மனியில் நிகழ்ந்து 2010-இல் வெளிவந்த ஆய்வின் முடிவு. ஒடியாவும் இந்தியும் தமிழும் பேசும் குழந்தைகள் அடுத்தடுத்த வாசல்களில் வளரும் ஒரகடத்தில், மொழி புரியுமுன் மனம் ஒன்றச் செய்ய இதனினும் எளிய வழி உண்டோ?

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 1993-இல் கல்லூரி மாணவரிடம் செய்யப்பட்ட ஆய்வொன்றை மிகைப்படுத்தி, மேனாட்டு இசையைக் கேட்கவைத்தால் குழந்தையின் அறிவு பெருகும் என்று வணிகம் செய்தோர் உண்டு. அவ்வாய்வு காட்டியது சிறிது நேரமே நிலைத்த விளைவு. அது குழந்தைகளைப் பற்றியதும் அன்று. நாம் வேண்டுவது கேட்டுக்கொண்டு கிடக்கும் இசையை அன்று; குழந்தை தானே பாடி, தானே ஆடும் இசையை.

காப்பகமா, கல்விக்கூடமா?

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பெண் தொழிலாளர் மிகுந்த ஆலைகளில் ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டுமென விதித்தது. 50 பெண்களுக்கு மேல் என்றிருந்த வரம்பை 1976-இல் 30 ஆகக் குறைத்தனர். 2017-இல் திருத்தப்பெற்ற மகப்பேறு நலச் சட்டம் 50 பேர் பணிபுரியும் நிறுவனங்களுக்கு அக்கடமையை விரித்தது. 2024-இல் வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. வரவேற்கத்தக்க பணியே. எனினும் அப்பெண்கள் தாயராகும் நாளில் அவர்தம் குழந்தைகள் எங்கு, எவ்வாறு வளரும் என்ற வினா எஞ்சி நிற்கிறது. சட்டம் அறையைக் கேட்கும். காற்றையும் வெளிச்சத்தையும் தூய்மையையும் கேட்கும். அவ்வறையில் பாட்டொலி கேட்கிறதா என்று கேட்க வேண்டியவர் நாமே.

வரலாறு இதற்கு ஒரு முன்மாதிரி காட்டுகிறது. 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரற்றுத் திரிந்த பிள்ளைகளுக்காகவே மரியா மாண்டிசோரி அம்மையார் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். தரையில் வரைந்த கோட்டின்மேல் இசைக்கேற்ப நடக்கும் பயிற்சி அவர்தம் முறையில் இடம்பெற்றது. அவரே 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இன்று அவர் பெயர் தாங்கிய பள்ளிகள் பல வசதி படைத்தோர்க்கு உரியனவாகிவிட்டன. தொழிலாளர் பிள்ளைகளுக்கென முளைத்த கல்வி மீண்டும் அவர்களை அடைய வேண்டாவா?

அதற்குரிய வாயில் நம்மிடம் உள்ளது. 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளே அவ்வாயில். தமிழக அங்கன்வாடிகளின் முன்பருவக் கல்விப் பாடத்திட்டத்திற்கு ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்றே பெயர். பாரதியின் பாப்பா பாட்டை நினைவூட்டும் அப்பெயர் ஏட்டளவில் நின்றுவிடலாகாது.

இரு தயக்கங்கள்

‘ஆட்டமும் பாட்டும் படிப்பாகுமா? எழுத்து எப்போது கற்பிப்பீர்?’ என்று பெற்றோர் வினவுகின்றனர். மூன்று வயதில் குழந்தைப் பாடல்களை நன்கறிந்த பிள்ளைகள் பின்னர் ஒலிகளைப் பகுத்துணர்வதிலும் வாசிப்பிலும் சிறந்தனர் என ஆக்ஸ்போர்டு ஆய்வாளர் 1989-இல் எழுதினர். எதுகையும் மோனையும் செவியில் பதிந்த பிள்ளைக்கு எழுத்து அயலாகாது. விரல் வலுப்பெறுமுன் எழுதுகோலைத் திணிப்பதே வீண்வேலை.

இசை என்ற சொல்லைக் கேட்டு நம் பெரியோருள் சிலர் தயங்கலாம். இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்விவாதத்துள் ஈண்டு நாம் புக வேண்டியதில்லை. சின்னஞ்சிறு பிள்ளைக்கு வேண்டுவன தாயின் குரல், கைத்தட்டல், காலடி, நல்ல சொற்கள். நம் இல்லங்களில் தொட்டிலருகே பாடப்பட்ட தாலாட்டுகளில் இவையே இருந்தன.

நாம் செய்யத்தக்கன

தமிழ் பயிலும் மாணவர், தத்தம் வீட்டு முதியோரிடமிருந்து தாலாட்டுகளையும் விளையாட்டுப் பாடல்களையும் கேட்டு எழுதித் தொகுக்கலாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களை ஒருமுறை இத்தொழில் வட்டாரச் சிற்றூர்களில் அமைத்து, அங்கன்வாடிப் பணியாளர்க்குத் துணைநின்று பாடி ஆடலாம். ஒடியா, இந்தித் தாய்மாரின் பாட்டுகளையும் கற்றுவரலாம். ஜமாஅத் பெரியோர், பள்ளிவாசல் சார்ந்த கூடங்களைப் பகலில் ஒரு மணி நேரம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம். ஆலை நிருவாகத்தார், காப்பகப் பணியாளரைத் தேர்கையில் பாடத் தெரிந்தவரா என்றும் வினவலாம். இவற்றுள் பெரும்பொருள் செலவாவது எதுவுமில்லை.

ஆலைச் சங்கு பெரியோரை வேலைக்கு அழைக்கட்டும். நாட்டிற்கு அவ்வுழைப்பு வேண்டும். பிள்ளைகளை அழைக்கச் சப்பாணிப் பாட்டு வேண்டும். பிள்ளைத்தமிழைத் தேர்வுக்கு மட்டும் படித்து மறவாமல், அதனைப் பிள்ளைகளிடமே கொண்டுசேர்ப்பது தமிழ் கற்ற நம் கடமையாகும்.