130 ஆண்டுகள் உறங்கிய நாடக அரங்கம்... தட்டி எழுப்பிய நூலகர்!

1921-ம் ஆண்டு. ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோம் அருகே இருக்கும் டுரோட்னிங்ஹோம் அரண்மனைக்கு, பழைய ஓவியம் ஒன்றைத் தேடி வந்தார் ஆக்னே பேயர். அரச நூலகத்தில் வேலை பார்த்தவர். அங்கே வேண்டாத சாமான்களைப் போட்டுவைத்திருந்த கட்டடத்துக்குள் நுழைந்தவருக்குக் காத்திருந்தது ஆச்சர்யம். தூசிக்கு அடியில், 18-ம் நூற்றாண்டு நாடக அரங்கம் ஒன்று அப்படியே இருந்தது!

அரசி லோவிசா உல்ரிக்காவுக்காக 1766-ல் கட்டப்பட்டது அது. அதற்கு முன்பு அங்கிருந்த அரங்கம் 1762-ல் தீயில் எரிந்துபோனது. புதிய அரங்கத்தை வடிவமைத்த அடெல்கிரான்ட்ஸ், சிக்கனமாகவே வேலையை முடித்தார். பளிங்கு போலத் தெரிபவை எல்லாம் வண்ணம் பூசிய மரமும் காகிதக்கூழும்தான்!

அரசியின் மகன் மூன்றாம் குஸ்டாவ், நாடகப் பித்தர். தானே நாடகம் எழுதியவர். அவர் காலத்தில் அரங்கம் களைகட்டியது. ஆனால், 1792 மார்ச் 16 அன்று ஸ்டாக்ஹோம் ஓபரா மாளிகையில் நடந்த முகமூடி விருந்தில் அவர் சுடப்பட்டார். 13 நாள்களில் இறந்தும்போனார். அதன்பிறகு, டுரோட்னிங்ஹோம் அரங்கத்தைத் தேடி வர ஆளில்லை.

அந்தப் புறக்கணிப்புதான் அரங்கத்தைக் காப்பாற்றியது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் நாடகம் நடந்த காலத்து அரங்குகள் பல, தீக்கு இரையாகின. மிஞ்சியவற்றைப் புதுப்பிக்கிறோம் என்று இடித்தார்கள். குஸ்டாவ் சுடப்பட்ட ஓபரா மாளிகையும் 1892-ல் இடிக்கப்பட்டது. இந்த அரங்கமோ யார் கையும் படாமல் தப்பித்தது.

பேயர் கண்டது வெறும் கட்டடத்தை அல்ல. மேடைக்கு அடியில் மர இயந்திரங்கள் அப்படியே இருந்தன. ஆள்கள் சேர்ந்து பெரிய சக்கரத்தைச் சுழற்றினால், இருபுறத் திரைச்சீலைகளும் ஒரே நேரத்தில் நகர்ந்து, சில விநாடிகளில் காடு அரண்மனையாகிவிடும். திருகு போல முறுக்கிய நீலநிற மர உருளைகளைச் சுற்றினால், மேடையில் கடல் அலை புரளும். கற்கள் நிரப்பிய மரப்பெட்டியைச் சாய்த்தால், கூரையில் இடி உருளும்!

தூசி தட்டினார்கள். இற்றுப்போன கயிறுகளை மாற்றினார்கள். மின்விளக்கு போட்டார்கள். 1922 ஆகஸ்ட்டில் மீண்டும் திரை உயர்ந்தது. பழைய இயந்திரங்கள் எந்தச் சண்டித்தனமும் செய்யாமல் ஓடின.

மேதை இங்மார் பெர்க்மன், மொஸார்ட்டின் 'மந்திரப் புல்லாங்குழல்' ஓபராவை இங்கே படமாக்க விரும்பினார். படப்பிடிப்பின் பளுவை இந்தப் பழைய மேடை தாங்காது என்பதால், இதே போன்ற மேடையை ஸ்டூடியோவில் உருவாக்கிப் படம் எடுத்தார். 1975-ல் வெளியானது அது.

1991-ல் டுரோட்னிங்ஹோம் அரண்மனை வளாகம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பர்யச் சின்னமானது. இன்றும் கோடைக்காலத்தில் இங்கே ஓபரா நடக்கிறது. கணினி கிடையாது, மோட்டார் கிடையாது. மேடைக்கு அடியில் மனிதர்கள்தான் சக்கரத்தைச் சுழற்றுகிறார்கள்.

பழைய சாமான் அறையைக் காலி செய்வதற்கு முன்னால், ஒருமுறை உள்ளே நன்றாகப் பார்த்துவிடுவது நல்லது!