மிக்-21 ஓய்வு பெற்றாச்சு... பழைய போர் விமானங்களைப் பார்க்க திண்டுக்கல்காரர்கள் எங்கே போகணும்?

இந்திய விமானப்படையின் மிக்-21 போர் விமானங்களுக்கு 2025 செப்டம்பர் 26-ம் தேதி சண்டிகரில் விடைகொடுக்கப்பட்டது. 1963-ல் படையில் சேர்ந்து 62 ஆண்டுகள் பறந்த விமானம் இது. 1971 போர், 1999 கார்கில் போர் என முக்கியமான கட்டங்களில் எல்லாம் களத்தில் இருந்தது. அடிக்கடி நடந்த விபத்துகளால் 'பறக்கும் சவப்பெட்டி' என்ற கெட்ட பெயரும் இதற்கு வந்து சேர்ந்தது.

சரி, ஓய்வு பெற்ற விமானம் என்ன ஆகும்? சில விமானங்கள் அருங்காட்சியகத்துக்குப் போகும். சில, கல்லூரி வளாகத்திலோ நினைவுச் சின்னத்திலோ நிறுத்தி வைக்கப்படும். மற்றவை பழைய இரும்பு கணக்கில் சேர்ந்துவிடும். அப்படியானால், திண்டுக்கல்லில் இருக்கும் ஒருவர் பழைய போர் விமானத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கணும், நாலு போட்டோ எடுக்கணும்னு நினைத்தால் எங்கே போவது? விரிவாகப் பார்க்கலாம்.

துண்டிகல் வேற... திண்டுக்கல் வேற!

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். விமானப்படை அகாடமி என்று இணையத்தில் தேடினால் வருவது 'துண்டிகல்'. அது தெலங்கானாவில், ஹைதராபாத் பக்கம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் திண்டுக்கல்லுக்கும் அதற்கும் இரண்டே எழுத்துதான் வித்தியாசம். அது விமானப்படை அதிகாரிகளுக்கான பயிற்சி மையம். நினைத்த நேரத்தில் போய் சுற்றிப் பார்க்கிற இடம் இல்லை.

திண்டுக்கல்லுக்கு ஒரு பக்கம் தேஜஸ் விமானங்கள் இருக்கும் சூலூர் விமானப்படைத் தளம். இன்னொரு பக்கம் சுகோய்-30 விமானங்கள் இருக்கும் தஞ்சாவூர் தளம். ஆனால் இரண்டுமே பாதுகாக்கப்பட்ட ராணுவ இடங்கள். பொதுமக்கள் வேலிக்கு வெளியேதான்.

பக்கத்தில் இருப்பது எது?

திண்டுக்கல்காரர்களுக்குக் கைக்கெட்டும் பெரிய விமான அருங்காட்சியகம் பெங்களூரு ஹெச்ஏஎல் பாரம்பரிய மையம்தான். 2001-ல் திறக்கப்பட்டது. மதுரை - பெங்களூரு வந்தே பாரத் ரயில் திண்டுக்கல்லில் நின்று போகிறது. கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கி, அங்கிருந்து மாரத்தஹள்ளி வழியாக பழைய விமான நிலைய சாலைக்குப் போய்விடலாம்.

அங்கே தவறவிடக் கூடாதது ஹெச்எஃப்-24 மாருத். இந்தியாவிலேயே உருவான முதல் ஜெட் போர் விமானம் இது. ஜெர்மன் வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் தலைமையில் உருவாகி, 1961 ஜூன் 17-ல் முதன்முறையாகப் பறந்தது. மொத்தம் 147 விமானங்கள் தயாரிக்கப்பட்டன. 1971 போரிலும் பங்கேற்றன. 1951-ல் முதலில் பறந்த ஹெச்டி-2 பயிற்சி விமானம், கிரண் பயிற்சி ஜெட், மிக்-21 ஆகியவையும் அங்கே இருக்கின்றன.

சென்னைக்குப் போகிறவர்கள், கோட்டூர்புரம் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்திலும் ஒரு மாருத் விமானத்தைப் பார்க்கலாம்.

இன்னும் தூரம் போக முடிந்தால் டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகம். இரண்டாம் உலகப்போர் காலத்து ஸ்பிட்ஃபயர், ஹரிகேன், லிபரேட்டர் விமானங்கள் அங்கே நிற்கின்றன. கோவாவில் கடற்படை விமான அருங்காட்சியகம் இருக்கிறது. விமானந்தாங்கிக் கப்பலில் இருந்து பறந்த சீ ஹாரியர், சீ ஹாக் விமானங்களை அங்கே பார்க்கலாம். சண்டிகரிலும் 2023-ல் விமானப்படை பாரம்பரிய மையம் திறக்கப்பட்டது.

பறந்தது அரக்கோணத்தில்... நிற்பது விசாகப்பட்டினத்தில்!

இந்தப் பட்டியலைப் பார்த்தாலே ஒரு கேள்வி வரும். தமிழ்நாடு எங்கே?

தமிழ்நாட்டில் பறந்த விமானங்களுக்குப் பஞ்சமில்லை. கடற்படையின் டியூ-142 கண்காணிப்பு விமானத்தையே எடுத்துக்கொள்வோம். சுமார் 53 மீட்டர் நீளம். நாலு பஸ்ஸை வரிசையாக நிறுத்தினாலும் அதைவிட நீளம். நாலு என்ஜின், ஒவ்வொன்றிலும் எதிரெதிர் திசையில் சுற்றும் இரண்டு புரொப்பல்லர்கள். 1988-ல் இந்தியாவுக்கு வந்த மொத்த விமானங்கள் 8. அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளி தளத்தில் இருந்துதான் நீண்ட காலம் பறந்தன. 2017 மார்ச் 29-ல் அதே அரக்கோணத்தில்தான் ஓய்வும் பெற்றன.

ஆனால் அவற்றில் ஒன்று அடுத்த மாதமே விசாகப்பட்டினத்துக்குப் பறந்து போனது. பாகம் பாகமாகப் பிரித்து, கடற்கரை சாலைக்குக் கொண்டுவந்து, மறுபடி பூட்டி நிறுத்தினார்கள். 2017 டிசம்பரில் அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் அதைத் திறந்துவைத்தார். இன்று சுற்றுலாப் பயணிகள் உள்ளே ஏறியே பார்க்கிறார்கள். இன்னொரு டியூ-142, 2022-ல் கொல்கத்தா நியூ டவுனில் அருங்காட்சியகம் ஆனது.

அந்த ஊர்களில் உள்ளாட்சி, மாநில அரசு, கடற்படை என எல்லோரும் சேர்ந்து இடம் ஒதுக்கி வேலையை முடித்தார்கள். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

பழைய விமானத்தைப் பார்த்து என்ன ஆகப்போகுது?

இந்தக் கேள்விக்குப் பதில் ராமேஸ்வரத்தில் இருந்து வந்த ஒரு மாணவரிடம் இருக்கிறது. 1950-களில் சென்னை குரோம்பேட்டை எம்ஐடி-யில் படித்த அப்துல் கலாம், வளாகத்தில் நிறுத்தப்பட்டிருந்த ஓய்வு பெற்ற இரண்டு விமானங்கள் தன்னை எப்படி ஈர்த்தன என்பதை 'அக்னிச் சிறகுகள்' நூலில் சொல்லியிருக்கிறார். மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும் அவர் அந்த விமானங்களின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாராம். பிறகு அவர் தேர்ந்தெடுத்த பாடம் விமானப் பொறியியல்.

பறக்காத இரண்டு விமானங்கள் செய்த வேலை அது.

விமானம் பார்க்கும் ஆசை நம் மக்களுக்குக் குறைவா என்றால், அதுவும் இல்லை. 2024 அக்டோபர் 6-ல் சென்னை மெரினாவில் நடந்த விமான சாகச நிகழ்ச்சிக்கு லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். கடும் வெயிலிலும் கூட்டத்திலும் சிக்கிப் பலர் மயங்கினார்கள். 5 பேர் உயிரிழந்தார்கள். சாகச நிகழ்ச்சியும் அருங்காட்சியகமும் ஒன்றல்லதான். ஆனால் வருஷம் முழுக்கத் திறந்திருக்கும் ஒரு இடத்தில் ஒரே நாளில் இப்படி முண்டியடிக்க வேண்டிய அவசியம் இருக்காது.

போட்டோ எடுக்கலாமா?

* அருங்காட்சியகத்தில் பொதுவாக எடுக்கலாம். கேமராவுக்குத் தனிக் கட்டணம் கேட்கலாம். நேரம், விடுமுறை நாள், அனுமதி விவரங்களை கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

* வெளியில் நிற்கும் விமானத்துக்குக் காலை வெயில்தான் சரி. உச்சி வெயிலில் உலோகம் பளபளத்து படம் வெளுத்துவிடும்.

* காக்பிட் கண்ணாடியில் உங்கள் முகமே தெரிகிறதா? அனுமதித்த தூரத்துக்குள் நின்று, கோணத்தைக் கொஞ்சம் மாற்றி எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம்.

* வாலில் இருக்கும் எண்ணையும் தகவல் பலகையையும் சேர்த்து எடுங்கள். எந்த விமானம், எந்தப் படைப்பிரிவு என்று பிறகு தேட அதுதான் உதவும்.

* இறக்கையில் ஏறுவது, தொங்குவது கூடவே கூடாது.

* சூலூர், தஞ்சாவூர் போன்ற தளங்களின் வேலியோரம் நின்று செல்போனைத் தூக்காதீர்கள். தடை செய்யப்பட்ட இடங்களைப் படம் எடுத்தால் 1923-ம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் வரை பிரச்னை போகலாம்.

திண்டுக்கல்லுக்கு ஒரு விமானம் வருமா?

வரக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஓய்வு பெற்ற விமானங்களைக் காட்சிக்குக் கேட்டு அரசு அமைப்புகளும் கல்வி நிறுவனங்களும் பாதுகாப்புத் துறையை அணுகுவது வழக்கமான ஒன்றுதான். ஆனால் விமானம் கிடைப்பது பாதி வேலை. அதை ஏற்றி வரணும், பீடம் கட்டணும், வெயில் மழையில் கெடாமல் பெயின்ட் அடித்துப் பராமரிக்கணும், அது என்ன விமானம் என்று தமிழில் ஒரு பலகையாவது வைக்கணும். இதையெல்லாம் செய்யாமல் விட்ட விமானம் சில வருஷத்தில் பறவைகள் கூடு கட்டும் தகரமாகிவிடும்.

மிக்-21 விமானங்கள் இப்போதுதான் படையில் இருந்து வெளியே வந்திருக்கின்றன. எது எந்த ஊருக்கு என்று முடிவாகும் காலம் இது. மாவட்ட நிர்வாகமோ, இங்கிருக்கும் கல்லூரிகளோ கேட்பதாக இருந்தால் இப்போதே கேட்கணும். அதுவரை, திண்டுக்கல் பிள்ளைகள் ஒரு மிக்-21 பக்கத்தில் நின்று படம் எடுக்கணும்னா பெங்களூருக்கு டிக்கெட் போடலாம்.