பரண்மேல் ஒரு பள்ளிக்கூடம்



குழந்தை படிக்க என்னென்ன வேண்டும் என்று கேட்டால் நம் வீடுகளில் பட்டியல் நீளும். நல்ல ஸ்கூல், டியூஷன், தனி ரூம், இப்போது டேப்லெட். தவறில்லை. இவை எதுவுமே இல்லாமல், வெளியே தலைகாட்டினால் உயிர் போகும் என்ற நிலையில், ஒரு தாய் தன் மகனைப் படிக்கவைத்தார்.

அந்த மகன் ரோல்ட் ஹாஃப்மன். 1937-ல் அன்றைய போலந்தில், இன்று உக்ரைனில் இருக்கும் ஸோலோச்சிவ் ஊரில் பிறந்தவர். யூதக் குடும்பம். அப்பா இன்ஜினீயர், அம்மா டீச்சர். நாஜிகள் அவர்களை வேலை முகாமில் அடைத்தார்கள். காவலர்களுக்கு லஞ்சம் கொடுத்து மனைவியையும் மகனையும் தப்பவைத்த அப்பா, அங்கேயே தங்கிவிட்டார். மிகோலா டியூக் என்ற உக்ரைனியப் பள்ளி ஆசிரியர்தான் அவர்களைப் பள்ளிக் கட்டடத்தின் பரணில் ஒளித்துவைத்தார்.

1943 ஜனவரி முதல் 1944 ஜூன் வரை அங்கேதான் வாழ்க்கை. ஐந்து வயதுப் பையன் ஓடக்கூடாது, கத்தக்கூடாது. எப்படிச் சமாளிப்பது? பரணில் பாடப் புத்தகங்கள் கிடந்தன. அம்மா அவற்றைக் கொண்டு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். புவியியல் பாடத்தை மனப்பாடம் செய்யவைத்து, கேள்வி மேல் கேள்வி கேட்டார்.

இடையில், முகாமில் கணவர் கொல்லப்பட்ட செய்தி வந்தது. சார்பியல் புத்தகம் ஒன்றைப் படித்து அவர் குறிப்பெடுத்திருந்த நோட்டில்தான் அந்த அம்மா தன் துக்கத்தை எழுதிவைத்தார். பாடமும் தொடர்ந்தது.

போர் முடிந்ததும் அகதி முகாம்கள். அங்கே மேரி கியூரியின் வாழ்க்கை வரலாற்றை ஜெர்மன் மொழியில் படித்தான் சிறுவன். 1949-ல் அமெரிக்கா. ஆங்கிலம் அவனுக்கு ஆறாவது மொழி! 1981-ல் வேதியியல் நோபல் பரிசு, ஜப்பானின் கெனிச்சி ஃபுக்குயியுடன்.

துன்பம்தான் மேதைகளை உருவாக்கும் என்று இதைப் படித்துவிட்டு யாரும் சொல்லிவிட வேண்டாம். அந்த ஊர் யூதர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் எத்தனை கெட்டிக்காரப் பிள்ளைகளோ! போர் பறித்துக்கொண்டதுதான் அதிகம்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அந்த அம்மா விஞ்ஞானியை உருவாக்கப் பாடம் நடத்தவில்லை. பிள்ளை சத்தம் போடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதே தேவை நமக்கும் தினமும் வருகிறதே? அடுப்பில் குழம்பு கொதிக்கும், ஆபீஸ் போன் அடிக்கும், குழந்தை அடம்பிடிக்கும். கையில் செல்போனைக் கொடுத்துவிடுகிறோம். அலுத்து வீடு திரும்பும் பெற்றோரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் கேள்வி கேட்க ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால், பிள்ளை எவ்வளவு ஆசையாகப் பதில் சொல்கிறது!

இந்த வாரம் ஒரு நாள், சாப்பாடு முடிந்ததும் பிள்ளையின் புவியியல் புத்தகத்தை வாங்குங்கள். பத்து நிமிடம் போதும். மார்க்குக்காக இல்லாமல், சும்மா கேளுங்கள். எப்படிப் போனது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்