காதும் கணக்கும்



எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா ஸ்ரீரங்கம் மாம்பழச் சாலைப் பக்கம் டூவீலர் மெக்கானிக். சத்தத்தைக் கேட்டே எஞ்சின் கோளாறைச் சொல்லிவிடுவார். டிப்ளமோ சேர்ந்த புதிதில், 'காதை நம்பி வேலை பார்ப்பதெல்லாம் அந்தக் காலம்' என்று நினைத்தேன். அந்த நினைப்பு தவறு என்று சொல்லத்தான் இக்கட்டுரை.

இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தளத்தில் ஓடும் வண்டி, மெக்கானிக்கின் காதுக்கு எட்டாத தூரம் போய்விடுகிறது. அதனால்தான் எஞ்சின் வேகத்தையும் சக்கர வேகத்தையும் டேட்டா லாகரில் பதிவு செய்கிறார்கள். எஞ்சின் வேகம் ஏறியும் சக்கர வேகம் ஏறாவிட்டால், கிளட்ச் வழுக்குகிறது என்று பிடித்துவிடலாம். ஆனால் பதிவே தப்பாக இருந்தால்? நல்ல கிளட்சைப் பிரித்துப் போடுவோம். தப்பான ஸ்ப்ராக்கெட்டை மாட்டுவோம்.

பந்தயத்துக்காக அப்பா தயார் செய்த பழைய யமஹா ஆர்எக்ஸ் 100-இல் நானும் முயன்றேன். டூ ஸ்ட்ரோக் எஞ்சின். சுற்றுக்கு ஒரு ஸ்பார்க். அதன் உச்ச சக்தி 7,500 ஆர்.பி.எம்.மில். அதாவது விநாடிக்கு 125 துடிப்பு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 8 மில்லி விநாடி. கணக்கு சுலபம்! பிளக் ஒயரில் கம்பியைச் சுற்றி, மைக்ரோகண்ட்ரோலரில் எண்ணினேன். ஐடிலிங்கிலேயே 5,200 காட்டியது!

அப்பா சிரித்தார். "டேய், இப்பவே அவ்ளோ சுத்துனா, ஆக்சிலேட்டரை முறுக்குனா பிஸ்டன் மலைக்கோட்டையில போயி விழும்டா! ஆயிரத்து முந்நூறுதான் இருக்கும்."

அவர் காதுதான் சரி. ஒவ்வொரு ஸ்பார்க்கும் எழுப்பிய அதிர்வலைகளை நான்காக எண்ணியிருந்தேன். பிறகு மேக்னட்டோவின் பல்ஸர் காயிலிலிருந்து சிக்னல் எடுத்தேன். அது நேர், எதிர் என இரண்டு துடிப்பு தரும். டையோடு போட்டு ஒன்றை மட்டும் விட்டேன். ஆப்டோகப்ளர் வைத்துச் சர்க்யூட்டைக் காப்பாற்றினேன். 4 மில்லி விநாடிக்குள் வரும் மறு துடிப்பை ஒதுக்கச் சொன்னேன்; அது 15,000 ஆர்.பி.எம்.முக்குச் சமம், இந்த வண்டி அங்கே போகாது. பத்தில் ஒரு விநாடிக்குள் எண்ணினால், ஒரு துடிப்பு தவறினாலே 600 ஆர்.பி.எம். பிசகும். ஆகவே எண்ணுவதை விட்டு, இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தை அளந்தேன். இப்போது மீட்டரும் அப்பாவும் ஒரே பேச்சு!

லேபில் ஃபங்ஷன் ஜெனரேட்டர் தரும் அழகான சதுர அலையைப் பார்த்துத்தான் நாம் படிக்கிறோம். உண்மையான எஞ்சின் அப்படிப் பேசாது, இரைச்சலோடுதான் பேசும். ஆகவே ஒவ்வொரு பாலிடெக்னிக்கிலும் மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் சேர்ந்து, ஓடும் எஞ்சினில் ஒரு சிக்னலையாவது எடுத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பயிற்சிக்கு ஒரு மெக்கானிக்கையும் அழைக்க வேண்டும். மாணவர் பேரவை இதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

நண்பர்களே, பந்தய வேகத்தைக் காவிரிப் பாலத்தில் காட்ட வேண்டாம். பட்டறையில் அளந்து காட்டுவோம். மீட்டர் காட்டும் எண்ணைச் சந்தேகிக்கக் கற்பதும் படிப்புதான். அதை எனக்கு முதலில் கற்றுத் தந்தவர், பாலிடெக்னிக் வாசலையே மிதிக்காத என் அப்பா!