முதலில் வளைவை நிமிர்த்துங்கள்!

ஆலைக் கழிவுநீர்த் தொட்டியில் அமிலமும் காரமும் மாறி மாறிக் கொட்டுகின்றனவா? உடனே எல்லோரும் கை வைப்பது, பம்பைக் கூட்டிக் குறைக்கும் பிஐடி கன்ட்ரோலரின் எண்களில்தான். சீக்லரும் நிக்கோல்ஸும் 1942-லேயே டியூனிங் முறை தந்துவிட்டார்களே! ஆனால் கோளாறு எண்களில் இல்லை, பி.எச். அளவிலேயே இருக்கிறது.

ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த நீரை பி.எச். 3-லிருந்து 4-க்கு உயர்த்த ஆகும் காரத்தில் நூறில் ஒரு பங்கே போதும், 5-லிருந்து 6-க்கு உயர்த்த. 3-க்கு டியூன் செய்தால் 7-ல் ஊஞ்சலாடும். 7-க்குச் செய்தால் 3-ல் நத்தை வேகம். ஒரே சட்டை இருவருக்கும் பொருந்துமா?

வழி இருக்கிறது. டைட்ரேஷன் வளைவை அட்டவணையாக்கி, அளந்த பி.எச்., இலக்கு பி.எச். இரண்டையும் 'எவ்வளவு காரம்' என்று மாற்றிக் கொடுத்தால், கன்ட்ரோலருக்கு அந்த வளைவு நேர்கோடாகிவிடும். பிறகு டியூன் செய்தால் எங்கும் ஒரே மாதிரி நடக்கும்.

நீரின் சேர்மானம் மாறினால் வளைவும் மாறும்; அட்டவணையைத் திருத்த வேண்டும், உண்மைதான். அந்தச் சிறு வேலைக்குச் சோம்பி, ஒன்றையொன்று அழிக்கும் இரண்டு ரசாயனங்களுக்கும் மாதாமாதம் பில் கட்டுவது எந்த ஊர்க் கணக்கு?